முதல் தோல எறிஞ்சிரணும்

எங்க கன்னியாகுமரி ஜில்லாவுல ஃபாசில் கிடையாது. இத மொதல்லயே சொல்லிருதேன், பின்ன யாரும் மண்வெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பப்பிடாது. இங்க உள்ள பாறை எல்லாம் பூமிக்க அடி ஆழத்துல கெடந்து, வெந்து, புழுங்கி மேல வந்த சாதனம். அதுக்குள்ள ஒரு பூச்சி இருந்திருந்தாலும் எப்பவோ வெந்து தீந்திருக்கும். அப்படிப்பட்ட ஊருல ஒருத்தி ஃபாசில் சோலி பாத்து பென்ஷன் வாங்குதான்னு சொன்னா கேக்கவங்க சிரிக்கத்தான் செய்வாவ. எனக்க சொந்தக்காரங்களும் சிரிச்சாவ. சிரிக்கட்டு, சவங்க.

எனக்க பேரு ரோஸ்லி. நாகர்கோயில்ல ஒரு காலேஜ்ல, விலங்கியல் துறையில லேப் டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவ. போன மாசம் அந்தத் துறையில ஒரு ஸ்கேனர் வாங்கினாவ. கல்ல அதுக்குள்ள வச்சா கம்ப்யூட்டர்ல அந்தக் கல்லு சுத்திச் சுத்தி வருது. ரிப்பன் வெட்ட என்னையக் கூப்பிட்டிருந்தாவ, நானும் நல்ல சேல ஒண்ணக் கட்டிட்டுப் போனேன். அங்க புதுசா வந்த ஒரு லெக்சரர் பிள்ள கேக்குதா: “மேடம், அந்தக் காலத்துல நீங்க ரப்பர் பால ஊத்தியா பாத்தீங்க? நாத்தம் அடிக்காதா?”

எனக்கு சுள்ளுன்னு வந்துட்டு. “நாறத்தான் செய்யும் மக்கா. ரப்பர் பாலு பின்ன பன்னீரா மணக்கும்?”ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டு, இதயெல்லாம் துறை மலருக்கு எழுதித் தாங்கன்னு பிடிச்சிக்கிட்டாவ. ரெண்டு பக்கம் போதும்னு வேற சொன்னாவ. எனக்க வாய அடக்க எனக்க அம்மையாலயே முடியல்ல, இவங்க ரெண்டு பக்கத்துல அடக்கப் பாக்காவ.

நான் குலசேகரத்துக்காரி. அப்பா ரப்பர் வெட்டுக்காரரு. கெட்டிக்கிட்ட ஆளு ஞானதாஸும் ரப்பர் வெட்டுக்காரருதான். பி.எஸ்சி. படிச்சிட்டு வீட்டுல சும்மா இருந்தப்ப இந்த வேலைக்கு இன்டர்வியூ வந்துது. மத்தவங்க எல்லாம் லத்தீன் பேரு நெட்டுருப் போட்டுட்டு வந்திருந்தாவ. துறைத் தலைவரு தாணு சார் எங்கிட்ட ஊரு கேட்டாரு, சொன்னேன்.

“ரப்பர் பாலு உறையாம எப்படி வப்பிய?”

“அமோனியா விடுவோம் சார்.”

“குமிழி வந்தா?”

“ஊதி உடைப்போம்.”

அவ்வளவுதான் இன்டர்வியூ. வேல கெடச்சு, மொத வருஷம் பூரா நான் உடச்ச கண்ணாடிச் சாமானப் பத்தி இங்க எழுதப் போறதில்ல. அது எனக்க சோலி.

தாணு சாரப் பத்தி எழுதணும். ஒல்லி ஆளு. இஸ்திரி போட்ட வெள்ளச் சட்ட. சத்தமாப் பேசவே மாட்டாரு. கிளாஸ்லயும் காதுல ரகசியம் சொல்லுத மாதிரிதான் பேசுவாரு. லேப்ல யாராவது சேர இழுத்துப் போட்டா, “பைய… பைய…”ம்பாரு. அவருக்க வீட்டம்மாகிட்ட ஒரு தடவ கேட்டேன், சார் வீட்டுலயாவது சத்தம் போடுவாராக்கும்னு. “பாம்பு வந்தப்பவும் பையத்தான் சொன்னாரு ரோஸ்லி”ன்னு அவிய சலிச்சுக்கிட்டாவ.

அவருக்க ஆராய்ச்சி கணுக்காலிகளப் பத்தி. நண்டு, இறால், தேளு, பூரான், கரப்பான், கொசு, காலு கணுக்கணுவா மடங்குத எல்லாம் ஒரே குடும்பமாம். ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்தி, கடலுக்க அடியில, இந்தக் குடும்பத்துக்க மொத ஆளுங்க எப்படி இருந்தாவ, மெத்துனு இருந்த காலு எப்ப கணு விட்டுது, தலையில கொம்பு, கரப்பானுக்கு ஆடுமே அந்த உணர்கொம்பு, எப்ப மொளச்சுது, இதத் தேடுததுதான் சாருக்க வாழ்க்கை. ஆனா சார் சுத்த சைவம். நண்டுக்க ஒவ்வொரு காலும் எதுக்குன்னு சொல்லுவாரு, நண்டுக்க ருசி தெரியாது. கோட்டாறு சந்தையில ஒருக்க மீன்காரம்மாகிட்டப் போயி, “அம்மா, இந்த நண்டக் கொஞ்சம் மலத்திக் காட்டுங்க”ன்னு கேட்டிருக்காரு. “வாங்குவியளா?”ன்னு கேட்டதுக்கு, “இல்லம்மா, வாய மட்டும் பாத்துட்டுப் போறேன்”னு சொல்லிருக்காரு. அந்த அம்மா மீன்கழுவுன தண்ணிய அவருக்க வெள்ளச் சட்டையில வீசிட்டா. அதுக்குப் பொறவு சந்தைக்கு என்னையும் கூட்டிட்டுப் போவாரு. நான் வாங்குவேன், அவரு வாயப் பாப்பாரு. அவருக்கு அறிவு, எனக்குக் கொழம்பு.

இனி ரப்பர் பால் எதுக்குன்னு சொல்லுதேன். கல்லுக்குள்ள பூச்சி இருக்கும்னு நெனைக்காதீங்க. அதுக்க ஓடு எப்பவோ கரைஞ்சு போயிருக்கும். அது கெடந்த எடம் மட்டும் பள்ளமா இருக்கும். இட்லி தீந்து போச்சு, தட்டு மட்டும் இருக்கு, தட்டுல உள்ள குழியப் பாத்து இட்லி எப்படி இருந்துதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் ரப்பர் பால அந்தக் குழியில பூசி, காஞ்ச பொறவு உரிச்சு எடுப்போம். உரிச்சா, பூச்சிக்க முதுகு அப்படியே ரப்பர்ல வந்திருக்கும். நாங்க அதத் தோலுன்னு சொல்லுவோம்.

சொல்லுததுக்கு லேசு. பால்ல கருப்பு மை கலக்கணும். மொதப் பூச்சு தண்ணி மாதிரி இருக்கணும், மெல்லிய பிரஷ்ல தொட்டுத் தொட்டு வைக்கணும். ஒரு குமிழி நின்னுட்டாலும் அந்த எடத்துல பூச்சிக்கு இல்லாத ஒரு மரு வந்துரும், பின்ன அதப் பத்தி எவனாவது கட்டுர எழுதிருவான். அதனால உறிஞ்சு குழலு வச்சு ஒவ்வொரு குமிழியா ஊதி உடைக்கணும். அந்நேரம் சார் ஃபேன நிறுத்திருவாரு. நாங்க ரெண்டு பேரும் வேர்த்து வடிஞ்சுட்டு, மூச்சு விடாம உக்காந்திருப்போம். காஞ்சதும் இன்னொரு பூச்சு, அதுக்க மேல வலைத்துணி, பின்னயும் பூச்சு. உரிக்கும்போ சார் எனக்க தோளுக்குப் பின்னால நின்னு “பைய… பைய…”ம்பாரு. எனக்கு அந்நேரம் அவரத் திருப்பி உரிக்கத் தோணும். உரிச்ச தோலுக்குப் பவுடர் போட்டு, நவச்சாரத்தச் சூடாக்கி அந்த வெள்ளப் புகைய மேல பிடிச்சா, கருப்பு ரப்பர்ல ஒவ்வொரு கோடும் எழும்பி வரும். உடனே போட்டோ எடுக்கணும். நம்ம ஊரு மழக்காலத்துல அந்த வெள்ள கண்ணு முன்னாலயே ஈரம் குடிச்சு மறைஞ்சிரும்.

இதுல ஒரு சட்டம் உண்டு. முதல் தோல எறிஞ்சிரணும். முதல் தோலு பள்ளத்துல உள்ள மண்ணையும் அழுக்கையும் பிடிச்சிட்டு வரதுக்கு. ரெண்டாவது தோலுதான் சங்கதி. உலகம் பூரா அப்படித்தான்னு சார் சொல்லுவாரு, முதல் தோலத் திரும்பியும் பாக்க மாட்டாரு. ஆனா ரப்பர எறிய எனக்குக் கை வராது. அத ஒரு கவர்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவேன், ஞானதாஸ் அத ஒட்டுப்பால்ல சேத்துருவாரு. மரத்துல வெட்டின எடத்துலயும் பாலு பிடிக்குத செரட்டையிலயும் ஒட்டிக் காஞ்ச ரப்பருக்கு ஒட்டுப்பால்னு பேரு. அதக் குலசேகரத்துல தங்கப்பன் அண்ணன் கடையில கொண்டு போட்டா, அங்கேருந்து ஃபாக்டரிக்குப் போவும்.

இப்ப அந்தக் கல்லுக்கு வாறேன். வடக்க இமயமலையில, ஸ்பிட்டிப் பக்கம் எடுத்த கல்லுங்கள ஒரு பெட்டி நெறய சாருக்குப் பாக்கக் குடுத்திருந்தாவ. குடுத்தது சாரதா மேடம். திருச்சூர்க்காரி, வடக்க ஒரு மியூசியத்துல பெரிய ஆளு. அதுல ஒரு கல்லுல டிரைலோபைட் நெருக்கியடிச்சுக் கெடந்துது. முதுகுல மூணு பாத்தி பிரிச்ச மாதிரி இருக்க பழைய கணுக்காலி அது. அதுல ஒரு பூச்சிக்க தலைக்குப் பக்கத்துல ஒரு மெல்லிய கோடு.

“ரோஸ்லி, கொம்பு”ன்னாரு சார்.

“வெடிப்பு சார்”னேன் நான்.

அது சாதாரண சண்ட இல்ல. டிரைலோபைட்டுக்க ஓடு எங்கயும் கெடைக்கும். காலும் கொம்பும் மெத்து, அழுகிப் போவும், லேசுல கெடைக்காது. ஆனா ஓட்ட மட்டும் பாத்து இவங்க நண்டுக்குச் சொந்தமா தேளுக்குச் சொந்தமான்னு சொல்ல முடியாது. தேளுக்குக் கொம்பு கிடையாது, நண்டுக்கு உண்டு. கல்யாணத்துக்குச் சொந்தம் விசாரிக்கப் போறவன் வீட்டுக்கூரய மட்டும் பாத்துட்டு வந்தா எப்படி, உள்ள இருக்க ஆளையும் பாக்கண்டாமான்னு சார் கேப்பாரு. இமயமலைக் கல்லுல ஒரு கொம்பக் காணணும்னு அவரு வேலைக்கு வந்த காலத்துலேருந்து தேடுதாரு. துறையில பிள்ளைங்க அவருக்குப் பின்னால தலையில ரெண்டு வெரல வச்சு ஆட்டிக் காட்டுவாவ. அந்த மாசக் கடைசியில அவருக்கு ரிட்டயர்மென்ட் வேற.

முதல் தோல எடுத்தோம், கவர்ல போட்டோம். ரெண்டாவது தோல எடுக்கும்போ அந்தக் கோடு இருந்த எடம் பிஸ்கட் மாதிரிப் பொடிஞ்சு உதிந்துட்டு. கல்லு அவ்வளவு மெத்து. இனி இன்னொரு தோலு எடுக்க வழியில்ல. அந்த ரெண்டாவது தோலுல ஒரு பக்கம் ஒரு கோடு வந்திருந்துது. அது மட்டுந்தான் சாருக்க கைவசம். சார் சாரதா மேடத்துக்கு எழுதினாரு. மேடம் நேருல வந்து பாக்குதேன்னு சொல்லிட்டாவ. கொம்புதான்னு அவிய ஒத்துக்கிட்டா சேந்து கட்டுர எழுதலாம். இல்லன்னா கல்லையும் பெட்டியையும் எடுத்துட்டுப் போவாவ, சார் வெறுங்கையோட வீட்டுக்குப் போவாரு.

மேடம் வாறதுக்கு முந்தின நாளு சாருக்கு இருப்புக் கொள்ளல்ல, வெப்ராளம் தாங்கல்ல. நான் எவ்வளவு சொல்லியும் கேக்காம லேப அவரே ஒதுக்கினாரு. எல்லாத்தையும் பைய எடுத்து, பையத் துடைச்சு, பைய வச்சாரு. கெளம்பும்போ, “ரோஸ்லி, இதுல பழைய முதல் தோலு உண்டு, கொண்டு போ”ன்னு ஒரு கவரும் தந்தாரு. நானும் கொண்டு போயி வீட்டுல போட்டேன்.

மறுநாள் காலத்த மேடம் வந்தாவ. காப்பி குடிச்சாவ. சார் கல்யாணப்பொண்ணக் காட்டுத மாதிரி பெட்டியத் தொறந்தாரு. உள்ள அழுக்கு அப்பின ஏதோ ஒரு பழைய முதல் தோலு கெடக்குது.

“ரோஸ்லி”ன்னு காத்து மாதிரி ஒரு சத்தம் வந்துது. “நம்ம தோலு?”

“சார், நீங்கதான நேத்து கவர்ல போட்டுத் தந்திய!”

நான் ஞானதாஸுக்கு ஃபோன் போட்டேன்.

“ஏட்டி, அந்தக் கவரா? அதக் காலத்தயே தங்கப்பன் அண்ணன் கடையில கொண்டு போட்டாச்சே.”

“தட்டுங்க தலையில! அது ஐம்பது கோடி வருஷத்துப் பூச்சியாக்கும்!”

“அப்படியா? எடையில ஒண்ணும் தெரியல்லயே.”

வேற ஆளா இருந்தா மேடத்துகிட்ட ஏதாவது பொய்யச் சொல்லிச் சமாளிப்பான். சாருக்குப் பொய் வராது. நடந்தத அப்படியே சொல்லிட்டாரு. மேடம் சாரப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ, பின்ன காப்பி டம்ளரக் கீழ வச்சிட்டு, “பின்ன எந்தினா நிக்கினது? போவாம்”னு கார்ச் சாவிய எடுத்தாவ. சார் போட்டோ எடுக்குத சாமானத்தையும் நவச்சாரத்தையும் மடியில வச்சு முன்னால உக்காந்தாரு. திருவட்டாறு வந்ததும் கோயில் இருக்க திசையப் பாத்துக் கண்ண மூடிக் கும்பிட்டாரு. நான் எனக்குத் தெரிஞ்ச ஜெபத்தச் சொல்லிட்டு வந்தேன். ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கது நல்லதுதான.

தங்கப்பன் அண்ணனுக்கு ஏற்கனவே கடுங்கோவம். நெத்தி நாமத்துக்குக் கீழ மூஞ்சி செவந்து போயி நிக்காரு. குடோனுக்கு முன்னால புதுசா சிமெண்டுத் தரை போட்டிருக்காரு, நேத்து சாயங்காலம் ஈரம் காயதுக்குள்ள எவனோ அதுல நடந்துட்டான். நனைச்ச சாக்கப் போட்டு மூடி வச்சிருக்காரு.

“பக்கத்துல பலகையப் போட்டு வழி விட்டிருக்கேன், அந்த வெளங்காதவனுக்கு அது கண்ணுல தெரியல்ல! அவனுக்க செருப்புத் தடம் எனக்கு மனப்பாடம். வாறவன் போறவன் எல்லாத்துக்கும் செருப்பத் தூக்கிப் பாக்கேன். பிடிச்சா தோல உரிப்பேன்.”

சொல்லிட்டு சாருக்க செருப்பத் தூக்கிப் பாத்தாரு. எனக்கதயும் பாத்தாரு. மேடம் அவியளே ஒத்தக்கால்ல நின்னு ஷூவக் காட்டினாவ. அதுக்குள்ள ஞானதாஸும் வந்துட்டாரு, வெறுங்காலோட.

“செருப்பு எங்க?”ன்னேன்.

“கால்ல கொப்புளம்”னாரு.

குடோனுக்குள்ள ஒட்டுப்பால் ஒரு குன்று மாதிரிக் கெடந்துது. நாத்தம் மூக்கத் தொளச்சுது. நான் குனிஞ்சு தோண்டப் போனேன். “நில்லு ரோஸ்லி”ன்னாரு சார். “முறையா செய்யணும். அண்ணே, தும்புக்கயிறு இருக்கா?”

கயிறு வந்துது. சாரும் மேடமும் குச்சி நட்டு, கயிறு கெட்டி, அந்த ஒட்டுப்பால் குமியலக் கட்டம் கட்டமாப் பிரிச்சாவ. தங்கப்பன் அண்ணன் எங்கிட்ட, “ஏ ரோஸ்லி, இவிய குடோன அளந்து பட்டா போடப் போறாவளா?”ன்னு கேட்டாரு. சார் அவருக்கு விளக்கினாரு: “அடியில உள்ளது பழசு, மேல உள்ளது புதுசு. நில அடுக்குக்கு இதான் விதி. ஞானதாஸ் இன்னைக்குக் காலத்த கொண்டு வந்ததால, நம்ம சாதனம் மேல் அடுக்குலதான் இருக்கணும்.”

“அது எப்படி சாரே? லோடு ஏத்தணும்னு எல்லாத்தையும் காலத்த ஒரு புரட்டு புரட்டிப் போட்டாச்சே. லாறிதான் வரல்ல.”

சாரும் மேடமும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. “அடுக்கு தலகீழாயிட்டு!”ன்னாரு சார். மேடத்துக்கு மொகம் மலந்துட்டு. “ஹிமாலயத்திலும் இது தன்னே கத!”ன்னு புடவைய இழுத்துச் செருகினாவ. எனக்கு இவங்க ரெண்டு பேரையும் சேத்து அந்தக் குமியலுக்குள்ள பொதைக்கலாமான்னு இருந்துது.

அப்ப மேடம் ஒரு கேள்வி கேட்டாவ. ஞானதாஸ் வந்துட்டுப் போன பொறவு, புரட்டதுக்கு முந்தி, இதுக்க மேல வேற என்ன விழுந்துது? தங்கப்பன் அண்ணன் யோசிச்சாரு. “கஞ்சி குடிச்சிட்டு மாங்கா அண்டிய அங்கதான் எறிஞ்சேன்.” மாங்கொட்டைக்கு எங்க ஊருல அண்டின்னுதான் பேரு.

“அத மொதல்ல தேடணும்!”னாரு சார். “அண்டி கெடச்சா, பக்கத்துல நம்ம தோலு கெடைக்கும்.”

தேடினோம். தங்கப்பன் அண்ணன் தெனமும் கஞ்சிக்கு மாங்கா கடிக்க ஆளுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கட்டத்துக்குக் கட்டம் அண்டி! சார் எல்லாத்தையும் வரிசையா ஒரு சாக்குல வச்சாரு, மேடம் ஒவ்வொண்ணா லென்ஸ் வச்சு, இது காஞ்சது, இது பூஞ்சக்காளான் பிடிச்சதுன்னு ஒதுக்கினாவ. கடைசியில ஈரம் காயாத ஒரு அண்டி ஞானதாஸ் கையில கெடச்சுது. “இன்னா இருக்கு சாரே, பச்ச அண்டி!”ன்னு கூவினாரு. அதுக்கு ரெண்டு கட்டத்துக்குப் பக்கத்துல, பழுப்புக் கட்டிகளுக்கு எடையில, கருப்பா ஒரு ஓரம் தெரிஞ்சுது. நான் நகத்தால தூக்கினேன். சார் “பைய… பைய…”ன்னாரு. அன்னைக்கு மட்டும் எனக்குக் கோவம் வரல்ல.

நம்ம தோலுதான். கிழியல்ல. கடையில அடுப்பு பத்த வச்சு, நவச்சாரப் புகையப் பிடிச்சோம். பூச்சிங்க எல்லாம் வெள்ளையா எழும்பி வந்துது. அந்த ஒரு பூச்சிக்கு வலது பக்கத்துல அந்தக் கோடும் வந்துது. மேடம் லென்ஸ வச்சுக் குனிஞ்சாவ. வெகுநேரம் நிமிரவே இல்ல.

“தாணு சாரே”ன்னாவ, பைய. “ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு. ஜோடி இல்ல. கணுவும் தெரியல்ல. இது வெடிப்பாயிருக்கும்.”

“செரி மேடம்”னாரு சார். கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. துடைச்சது போதாம பின்னயும் துடைச்சாரு. இத்தன காலம் வெடிப்பு வெடிப்புன்னு அவருகூட மல்லுக்கு நின்னவ நான்தான். ஆனா அத இன்னொருத்தி சொன்னதும் எனக்குப் பொறுக்கல்ல. பாவம் அந்த மனுஷன், வெள்ளச் சட்ட பூரா ஒட்டுப்பால் அழுக்கோட நிக்காரு. எனக்கு அழுகையா வந்துது.

மேடத்துக்கும் மனசு கேக்கல்ல போல. “இதுக்க முதல் தோலு எங்க?”ன்னு கேட்டாவ.

“எறிஞ்சிருவோம் மேடம்”னாரு சார். “அதுதான முறை.”

“எங்க எறிவீங்க?”

நானும் சாரும் ஞானதாஸப் பாத்தோம். அவரு குடோன் கூரையப் பாத்தாரு. “அது… ஒட்டுப்பாலோட போயிருக்கும்”னு இழுத்தாரு. மனுஷன் கொட்டக் கொட்ட வேர்க்காரு. தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லிட்டுப் போறதுக்கு என்னத்துக்கு இப்படி வேர்க்கணும்னு எனக்கு ஒரு சம்சயம்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு வெளிய வந்தோம். தங்கப்பன் அண்ணன் சிமெண்டுக்குத் தண்ணி விடணும்னு சாக்கெல்லாம் விலக்கினாரு. காருக்குப் போன மேடம் அப்படியே நின்னுட்டாவ.

“தாணு சாரே! இவிட வரூ!”

புது சிமெண்டுல, ரோட்டுலேருந்து குடோன் வாசல் வரைக்கும், டிரைலோபைட் வரிசையா நடந்து போயிருக்குது. இடது, வலது, இடது, வலதுன்னு. எங்க ஜில்லாவுல ஃபாசில் கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். எனக்கு ஒரு நிமிஷம் தல சுத்திட்டு.

“இந்தக் கொள்ளையில போன தடத்தத்தான் நான் சொன்னது”ன்னாரு தங்கப்பன் அண்ணன்.

மேடமும் சாரும் முட்டுகுத்தி உக்காந்தாவ. சார் இடதுகால் தடத்தத் தடவித் தடவிப் பாத்துட்டு, “ரோஸ்லி, இது நம்ம கல்லு”ன்னாரு.

நான் திரும்பி எனக்க மாப்பிளையப் பாத்தேன். “கொப்புளமா?”

“ஏட்டி, பைய பேசு!”

“செருப்பு எங்க?”

“மழையில தோட்டத்துச் சரிவுல வழுக்குதுட்டி. அந்தப் பூச்சித் தோலு முண்டும் முடிச்சுமா நல்ல பிடி பிடிக்கும். எப்படியும் எறியப் போற சாதனந்தானன்னு வெட்டி, செருப்புக்கு அடியில ஒட்டினேன். இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு.”

“அப்ப நீதானா லே!”ன்னு தங்கப்பன் அண்ணன் மண்வெட்டிக் கணையத் தூக்கினாரு. ஞானதாஸ் குடோனுக்குள்ள பூந்து குமியலச் சுத்தி ஓட, அண்ணன் பின்னால ஓட, சாருக்க கயித்துல தடுக்கி ரெண்டு பேரும் கட்டத்துக்குள்ள விழுந்தாவ. மேடம் நடுவுல பாஞ்சு, “அவரத் தொடாதீங்க! இப்ப இந்தியாவுலயே முக்கியமான ஆளு அவருதான்!”னு கையை விரிச்சுட்டு நின்னாவ. ஞானதாஸ் அந்தப் பெருமைய இன்னும் எறக்கி வைக்கல்ல.

செருப்ப அவரு எங்க வீட்டுப் புகைப்புரையில, ரப்பர் ஷீட்டு காயப்போடுத கம்புக்கு மேல ஒளிச்சு வச்சிருந்தாரு. போயி எடுத்துட்டு வந்தாரு. அடிப்பக்கம் பூரா சேறு, சிமெண்டு, கோழிப்பீ. இத இப்படியா மேடம் கையில குடுக்கதுன்னு எனக்கு வெக்கமாப் போச்சு. வாளித் தண்ணியில முக்கப் போனேன்.

“கழுவாதேஏஏ!”

எனக்க கையிலேருந்த செருப்பு விழுந்துட்டு. மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துது. எதிர்த்த டீக்கடையில உள்ளவங்க எழும்பி வெளிய வந்தாவ. தாணு சாரு! அந்த மனுஷனுக்குள்ள அப்படி ஒரு சத்தம் இருந்துதுன்னு யாரு கண்டா? அவரே பயந்து போயி வாயப் பொத்திக்கிட்டாரு.

ஒரு ஈர்க்குச்சிய வச்சு, சேத்தப் பொடிப்பொடியா அவரே நீக்கினாரு. குதிகால் பக்கம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிட்டு. வெரலு பக்கமும் தேஞ்சாச்சு. ஆனா உள்ளங்காலு குழிஞ்ச எடத்துல அவ்வளவா மிதி படல்ல. அங்க அந்தப் பூச்சி முழுசா இருந்துது. அதுக்க தலைக்கு அடியிலேருந்து, துரு நிறத்துல, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வளைஞ்சு, கணுக்கணுவா ரெண்டு கோடு. கல்லுல அழுக்குக்க அடியில மறைஞ்சிருந்த மெல்லிய படலத்த அந்த முதல் தோலு அப்படியே பெயத்து எடுத்துட்டு வந்திருக்கு. ரெண்டாவது தோலுக்கு ஒரு பக்கத்துக்க நெழலுதான் மிச்சம். நாங்க அழுக்குன்னு நெனச்சுத்தான் சங்கதியத் தூக்கி எறிஞ்சிருக்கோம்.

மேடம் பாத்தாவ. லென்ஸத் துடைச்சிட்டுப் பின்னயும் பாத்தாவ.

“கொம்பு”ன்னாவ. “ரெண்டு கொம்பு.”

சார் அந்தப் புது சிமெண்டுலயே உக்காந்துட்டாரு. மொகத்தப் பொத்திட்டு அழுதாரு. நானும் அழுதேன். எதுக்குன்னே தெரியாம தங்கப்பன் அண்ணனும் மூக்கச் சிந்தினாரு.

“அப்ப எனக்க செருப்பு?”ன்னாரு ஞானதாஸ்.

சார் தனக்க தோல் செருப்பக் கழட்டி அவருக்குக் குடுத்துட்டு, வெறுங்காலோட காருல ஏறினாரு. அது ஞானதாஸுக்கு நல்ல சின்னது. இருந்தாலும் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு அதத்தான் போட்டு, நொண்டி நொண்டிப் போவாரு. கேட்டா, புரொபசர் தந்ததும்பாரு.

கட்டுர வந்துது. செருப்புன்னு எழுதலாமா கூடாதான்னு சாரும் மேடமும் ஃபோன்ல வெகுநாளு சண்ட போட்டாவ. கடைசியில, “இடைப்பட்ட காலத்தில் வேறு பயன்பாட்டில் இருந்த முதல் தோல்”னு நாசூக்கா எழுதினாவ. தோலப் பிரிச்சா கிழிஞ்சிரும்னு மேடம் வாரோட சேத்து அந்தச் செருப்ப வடக்க மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ. எங்க லேப்ல அன்னையிலேருந்து முதல் தோலையும் பத்திரமா எடுத்து வைக்காவ. ஸ்கேனருக்கு முதல் தோலும் கிடையாது, ரெண்டாவது தோலும் கிடையாது. நல்லதுதான், வேர்க்காது.

தங்கப்பன் அண்ணன் அந்தச் சிமெண்ட உடைக்கல்ல. சாரும் மேடமும் அவ்வளவு கெஞ்சினாவ. இப்ப அவரே தண்ணி விட்டுக் கழுவி, கடைக்கு வாறவங்களுக்கெல்லாம் காட்டி, “ஐம்பது கோடி வருஷத்துப் பூச்சி எனக்க கடைக்கு வந்துட்டுப் போன தடமாக்கும்”பாரு.

எங்க ஜில்லாவுல ஃபாசில் கிடையாதுன்னு மொதல்ல சொன்னேன். இனி அப்படிச் சொல்லுதது செரியான்னு எனக்கே சம்சயமா இருக்கு. பிற்காலத்துல கடல் ஏறி வந்து, குலசேகரத்த மண்ணு மூடி, அது கல்லாயி, எவனாவது ஒருத்தன் அத உடைச்சுப் பாப்பான். உள்ள டிரைலோபைட், ஆளு நடக்குத மாதிரி எட்டு வச்சு, இடதுகாலுல மட்டும் கொம்போட, ஒரு ரப்பர் கடைக்குள்ள போயிருக்கும். அவன் மண்டையப் பிச்சிக்கட்டு, எனக்கென்ன. ஆனா தோண்டும்போ பக்கத்துல ஏதாவது பழைய செருப்பு கெடச்சுதுன்னா, அவனுக்கு நான் ஒண்ணுதான் சொல்லுவேன்.

கழுவாதே.